கிளினிக்குங்க பேஸ்புக், வாட்ஸ்அப்ல இருக்கலாமா? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

குடியாத்தம் மருமகள்:

எங்க அத்தைக்குச் சர்க்கரைப் புண். வலது கால் கட்டைவிரல், ஏழு மாசம் டிரெஸ்ஸிங். அந்தக் கதையை நான் சொல்லத் தேவையில்ல, சர்க்கரை இருக்கற வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். விரலை எடுக்காமலே ஆறிடுச்சு. அந்த டாக்டரை இன்னிக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சொல்ல வந்தது வேற. வைகாசி 1, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தெரு பூரா ஜனம், வீடு பூரா சொந்தம். பேரணாம்பட்டுல இருந்து வந்த நாத்தனார் பொண்ணு போனைத் தள்ளிகினே இருந்தவ திடீர்னு நிமிர்ந்து, "ஆயா, இது உன் கைதானே?"ன்னா.

கிளினிக்கோட பேஸ்புக் பக்கம். ரெண்டு போட்டோ: புண் ஆறறதுக்கு முன்னாடி, ஆறின பின்னாடி. முகம் இல்ல, பேர் இல்ல. ஆனா முதல் போட்டோல அத்தை வலி தாங்காம முழங்காலைப் புடிச்சிகினு இருக்காங்க. முன்னங்கையில பச்சை குத்தினது பளிச்சுனு தெரியுது. ஒரு தேர்க்கோலம், அதுக்குக் கீழ சின்ன வயசுல செத்துப்போன அவங்க அண்ணன் பேரு. எங்க தெருவுல அந்தக் கையைத் தெரியாதவங்க யாரு?

அத்தை பீடி சுத்தறவங்க. நாலு வீட்டுப் பொம்பளைங்க ஒரே திண்ணையில முறத்தை மடியில வெச்சிகினு உக்காருவாங்க. அவங்ககிட்ட "கால்ல ஆணி"ன்னுதான் சொல்லி வெச்சிருந்தாங்க. அன்னிக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "உள்ள வெள்ளையா இருந்துதே, அதுவும் தெரியுதா?"

தெரிஞ்சுது. இல்லன்னு சொல்லிட்டேன்.

அணைக்கட்டுக்காரன்:

உங்க அத்தைக்கு நடந்தது தப்பு, அதுல ரெண்டு பேச்சே இல்ல. எனக்கு நடந்தது நேர் எதிர். நைனாவுக்கு 71 வயசு. மாசம் ஒருக்கா வெறும் வயித்துல சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கணும். ஒடுகத்தூர் பக்கத்துல இருந்து முதல் பஸ் புடிச்சு வேலூர் வந்து கிளினிக் வாசல்ல நின்னா ஷட்டர் மூடியிருக்கு. ஒரு பேப்பர்கூட ஒட்டல. எங்களுக்கு முன்னாடி வந்து நின்ன ஒரு அம்மாவுக்கு அவங்க பையன் அப்பதான் போன் பண்ணிச் சொல்றான், "டாக்டர் ஊர்ல இல்ல, வியாழக்கிழமைதான் வருவாராம், ராத்திரியே ஸ்டேட்டஸ்ல போட்டிருக்காங்க"ன்னு. எங்க நம்பர் அவங்ககிட்ட இல்ல, அவங்க நம்பர் எங்ககிட்ட இல்ல. ரெண்டு பக்கமும் சேவ் ஆகியிருந்தாத்தான் ஸ்டேட்டஸ் தெரியுமாம், அதுவே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அதுக்குள்ள நைனா சுவத்துல சாஞ்சுட்டாரு. கை நடுங்குது, சட்டை பூரா வேர்வை, பேசினா பதில் வரல. ராத்திரி மாத்திரை போட்டவரு, காலையில இருந்து பச்சைத்தண்ணிதான். எதுத்தாப்புல டீ ஆத்திகினு இருந்தவரு அப்படியே போட்டுட்டு ஓடி வந்து, டம்ளர் தண்ணில ஒரு கை சர்க்கரையை விரலாலயே கலக்கிக் குடுத்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு நைனா கண்ணைத் திறந்து என்னைப் பாத்துக் கேட்டது, "பஸ் வந்துடுச்சா?"

கிளினிக் வாட்ஸ்அப்ல இருக்கட்டும். ஆனா வர்ற ஒவ்வொருத்தர் நம்பரையும் வாங்கி வெச்சிகினு இருக்கட்டும்.

வாலாஜா மருந்துக்கடை:

அணைக்கட்டு நண்பரே, வயசானவரைக் கூட்டிகினு அவ்வளவு தூரம் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாமே. ஸ்டேட்டஸைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? இனிமே ரத்தம் குடுக்கப் போகும்போது பையில நாலு குளுக்கோஸ் பிஸ்கட் வெச்சுக்குங்க. முந்தின ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீங்க. மாத்திரையா ஊசியா எதுவா இருந்தாலும், டெஸ்ட் எடுக்கற அன்னிக்கு எப்ப போடணும்னு டாக்டர்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

என் அனுபவம் சின்னது. போன வருஷம் ஒரு இளைஞர் போனைக் காட்டி, "இந்த ரீல்ஸ்ல டாக்டர் சொன்ன மாத்திரை குடுங்க"ன்னார். சீட்டு இல்லாம குடுக்கமாட்டேன்னு சொன்னேன், அடுத்த கடைக்குப் போயிட்டார். அவ்வளவுதான்.

ஆனா எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இருக்கு. மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள்படி டாக்டர் விளம்பரம் போட்டு நோயாளியை இழுக்கக்கூடாது. புதுசா கிளினிக் ஆரம்பிச்சது, இடம் மாத்தினது, கொஞ்ச நாள் ஊர்ல இல்லாதது, திரும்ப வந்தது, இதையெல்லாம் பத்திரிகையில முறையா அறிவிக்கலாம். அணைக்கட்டு நண்பருக்கு வேண்டியிருந்தது அந்த மாதிரி அறிவிப்புதான், பத்திரிகைக்குப் பதிலா போன்ல. அதே விதிகள்ல, அடையாளம் தெரியற மாதிரி நோயாளி படத்தை அனுமதி இல்லாம வெளியிடக்கூடாதுன்னும் இருக்கு. குடியாத்தம் சகோதரி கவனிக்கணும்: முகத்தை மறைச்சா போதும்னு விதி சொல்லல. பச்சையும் அடையாளம்தான்.

2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கின அன்னிக்கு, தொலைமருத்துவ வழிகாட்டி வந்தது. அதுப்படி போன், வீடியோ, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் டாக்டர் ஆலோசனை சொல்லலாம். ஆனா முதல் தடவை வர்றவங்களுக்கு ஒரு கணக்கு, ஏற்கனவே பாத்தவங்களுக்கு ஒரு கணக்கு. எல்லா மருந்தையும் எழுத முடியாது. அவசரம்னா நேர்ல அனுப்பணும். 2023 ஆகஸ்டுல தேசிய மருத்துவ ஆணையம் சமூக ஊடகத்துக்குன்னே விதி கொண்டு வந்தது: குணமானவங்க படம் போடாதே, நோயாளி பாராட்டறதைப் பகிராதே, காசு குடுத்து லைக்கு வாங்காதே. அதே மாசம் அந்த விதிகளை நிறுத்தி வெச்சுட்டாங்க. எனக்கு அதுல வருத்தம் உண்டு.

அதனால வீட்டுக்கு வீடு செய்யவேண்டியது: டோக்கன் போடற இடத்துல "என் படம், என் ரிப்போர்ட்டு எதுவும் எங்கயும் போடவேணாம்"னு வாயாலயே சொல்லிடுங்க. குரூப்புல சேர்க்கும்போது மத்தவங்க நம்பர் தெரியற குரூப்பா, கிளினிக் மட்டும் அனுப்பற லிஸ்டான்னு கேளுங்க. குரூப்புன்னா இன்னார் இன்ன டாக்டர்கிட்ட போறார்னு ஊருக்கே தெரிஞ்சுடும்.

அணைக்கட்டுக்காரன்:

போன் போட்டேன் சார். மூணு தடவை. ரிங் போய்க்கினே இருந்துது. கேக்காமலே போடலன்னு முடிவு பண்ணிட்டீங்க.

வாணியம்பாடி அம்மி:

மருந்துக்கடை அண்ணன் சொன்ன விதியெல்லாம் சரியா இருக்கலாம். எங்க வீட்டுல ஒரு குழந்தையைக் காப்பாத்தினது ஒரு வாய்ஸ் மெசேஜ், அதைச் சொல்றேன்.

எங்க குழந்தை டாக்டர் மழைக்காலத்துல வாய்ஸ் அனுப்புவார். தமிழ்ல ஒண்ணு, உருதுல ஒண்ணு. ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகாது. எங்க மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, போனைக் காதுல வெச்சுக் கேப்பாங்க, முடிஞ்சதும் திரும்பப் போடச் சொல்வாங்க. டெங்கு சமயத்துல அவர் சொன்னது: "காய்ச்சல் விட்டதும் சரியாப்போச்சுன்னு நினைக்காதீங்க. விடற அன்னிக்கும் அதுக்கு அடுத்த நாளும்தான் கண்ணுல எண்ணெய் ஊத்திக்கினு பாக்கணும். வயித்து வலி, ஓயாத வாந்தி, பல் ஈறுல ரத்தம், குழந்தை துவண்டு படுக்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க."

என் சின்னவனுக்கு நாலாவது நாள் காய்ச்சல் விட்டுச்சு. உடம்பு ஜில்லுன்னு இருந்துது. நான் சந்தோஷமா கஞ்சி வெச்சேன். அவன் வாங்கல, வயித்தைப் புடிச்சிகினு சுருண்டு படுத்தான். என் வீட்டுக்காரர், "நாலு நாளா சாப்பிடல, வயிறு அப்படித்தான் இருக்கும்"ன்னார். மாமியார் எழுந்து நின்னுட்டாங்க. பையன் பேச்சை மறுத்துப் பேசி நான் பாத்ததே இல்ல. "விட்ட அன்னிக்குத்தான்னு டாக்டர் சொன்னார், நீ வண்டியை எடு." ராத்திரி பதினொண்ணரை. ஆம்பூரைத் தாண்டி வேலூர் வரைக்கும் மடியில வெச்சிகினு போனேன். அஞ்சு நாள் டிரிப்ஸ். இப்ப ஸ்கூலுக்குப் போறான்.

அந்த டாக்டர் யார் படத்தையும் போட்டதில்ல.

காட்பாடி ஆட்டோ:

எல்லாரும் சொந்த டாக்டரைப் பத்திப் பேசறீங்க. வெளியூர்க்காரங்க கதை வேற. வேலூர்ல வைத்தியம்னா வங்காளம், அஸ்ஸாம்ல இருந்து வர்றாங்க. சி.எம்.சி. ஆஸ்பத்திரி, ஐடா ஸ்கடர்னு ஒரு டாக்டர் அம்மா 1900ல ஒத்தைக் கட்டில் போட்டு ஆரம்பிச்ச இடம், அந்தப் பேரை நம்பி ஒண்ணரை நாள், ரெண்டு நாள் ரயில்ல வர்றாங்க. காந்தி ரோட்ல லாட்ஜ் போர்டே வங்காளி எழுத்துல இருக்கும்.

விடியக்காலை ஸ்டேஷன்ல ஒரு புருஷன் பொஞ்சாதி ஏறினாங்க. அந்தம்மாவுக்குக் கழுத்துல கட்டி. அந்தாளு போனைக் காட்டினாரு. பேஸ்புக்ல ஒரு பக்கம், ஆஸ்பத்திரி கட்டடம் படம், கீழ ஒரு போன் நம்பர். அந்த நம்பருக்கு 1,500 ரூபாய் அனுப்பி டாக்டர் நேரம் வாங்கியிருக்காராம். கவுன்டர்ல போய் நின்னா அப்படி ஒரு பதிவே இல்ல. அந்தப் பக்கமே பொய். யாரோ ஆஸ்பத்திரி பேரை வெச்சு நடத்தறது. அந்தாளு திரும்பத் திரும்ப அதே நம்பருக்குப் போட்டாரு. அந்தம்மா மட்டும் ஒண்ணும் பேசல, ரசீதுன்னு பிரின்ட் எடுத்துகினு வந்த பேப்பரை நாலா மடிச்சு மறுபடி பர்ஸுக்குள்ள வெச்சாங்க.

நானே வரிசையில நின்னு புதுசா பதிவு போட்டுக் குடுத்தேன். ஆட்டோவுக்குக் காசு வாங்கல.

சத்துவாச்சாரி சிஸ்டர்:

நான் ஒரு கிளினிக்ல வேலை பாக்கறேன். பேஸ்புக் பக்கத்தைப் பாத்துக்கறதும் நான்தான். காலைல 9 மணிக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். மெசஞ்சர்ல ஒண்ணு. ராத்திரி 2.17: "சிஸ்டர் நெஞ்சு அடைக்குது, இடது கை வலிக்குது, என்ன மாத்திரை போடலாம்". 2.40: "டாக்டர் இருக்காரா". அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல.

அந்தப் பேரு எனக்குத் தெரியும். மாசாமாசம் பிபி மாத்திரைக்கு வர்றவர். போன் போட்டேன், எடுக்கல. கார்டுல இருந்த வீட்டு நம்பர்ல அவங்க மருமக எடுத்தாங்க. 3 மணிக்கு 108 கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்களாம். உயிருக்கு ஆபத்தில்ல.

அந்த நாப்பது நிமிஷம் அவர் எங்க பதிலுக்காக உக்காந்திருந்தார். பக்கம் இருக்குன்னா அந்தப் பக்கம் ஆள் இருக்கும்னு ஜனங்க நம்பறாங்க. இப்ப யார் எது அனுப்பினாலும் தானாவே ஒரு பதில் போகும்: "இங்கே இரவில் யாரும் பார்க்கமாட்டார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே 108." ரெண்டு வாரம் கழிச்சு அவர் வந்தார். பிபி பாத்தேன். அவரும் அதைப் பத்திக் கேக்கல, எனக்கும் வாய் வரல.

குடியாத்தம் மருமகள்:

எல்லாத்தையும் படிச்சேன். மருந்துக்கடை அண்ணன் சொன்ன விதியைச் சொல்லி டாக்டர்கிட்ட நேர்லயே கேட்டேன். அவருக்குப் பச்சை ஞாபகமே இல்ல. போனை எடுத்துப் பாத்தவர் முகம் மாறிடுச்சு. எனக்கு எதுத்தாப்புலயே எடுத்துட்டார், "தப்பும்மா"ன்னார். இதைப் பாத்து சர்க்கரை இருக்கறவங்க நாலு பேராவது கால்ல செருப்பு போட்டு நடப்பாங்கன்னுதான் படத்தைப் போட்டாராம். நம்பறேன். ஆனா அதுக்குள்ள சொந்தக்காரங்க குரூப்புலயெல்லாம் சுத்திடுச்சு, அதை யார் எடுக்கறது?

அத்தை திண்ணைக்குப் போறதில்ல. உள்ளயே முறத்தை வெச்சிகினு சுத்தறாங்க.

போன வாரம் கால் காட்டப் போனோம். டிரெஸ்ஸிங் போடற பொண்ணு கையில இருந்த போனை மேஜை மேல வெச்சுது. அத்தை முந்தானையை இழுத்து மணிக்கட்டு வரைக்கும் மூடிக்கினாங்க. அந்தப் பொண்ணு ஒரு நொடி பாத்துட்டு, போனை எடுத்து டிராயர்ல போட்டு மூடுச்சு. அப்புறம்தான் அத்தை காலை நீட்டினாங்க.