நர்ஸ் டூட்டி: 12 மணி நேரமா, மூன்று ஷிப்டா?

ரோஸ்டர்காரன்
எட்டு எட்டு மணியாக இருந்த மூன்று ஷிப்டை எடுத்துவிட்டு காலை 8 – இரவு 8, இரவு 8 – காலை 8 என்று மாறும் தனியார் மருத்துவமனைகள் கூடிக்கொண்டே போகின்றன. சொல்லும் காரணம்: "ஆள் கம்மியா போதும்." கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 படுக்கை பொது வார்டு, ஒரு நர்ஸுக்கு 6 நோயாளி என்றால் எந்நேரமும் 5 பேர் வார்டில் இருக்க வேண்டும். வாரத்துக்கு 5 × 24 × 7 = 840 மணி. ஆளுக்கு 48 மணி என்றால் 17.5 பேர். எட்டு மணி ஆறு நாளும் 48தான், பன்னிரண்டு மணி நாலு நாளும் 48தான். ஆள் எங்கே குறைகிறது? பன்னிரண்டு மணியை ஆறு நாளும் வாங்கினால் வாரம் 72 மணி. அப்போது 12 பேரை வைத்து ஓட்டிவிடலாம். மிச்சமாவது அந்த ஐந்தரைப் பேர் சம்பளம்தான்.

கோவை_ஹெச்ஆர்
72 மணி வாங்குவது தப்பு, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தத் தப்பை 12 மணி ஷிப்ட் தலையில் கட்டாதீர்கள். வாரம் நாலு நாள் என்று ஒழுங்காகப் போட்டால் அதில் நன்மை இருக்கிறது. முதலாவது, ஓவர் கொடுப்பது (கிளம்புபவர் அடுத்து வருபவரிடம் நோயாளி விவரத்தை ஒப்படைப்பது) நாளைக்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறையும். ஓவர் நேரத்தில் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது, எட்டு மணி ஷிப்ட் என்று கறாராகப் போட்டால் ஈவினிங் டூட்டி இரவு 10 அல்லது 11 மணிக்கு முடியும். அந்த நேரத்தில் பெண்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டுமா?

ஐசியூ_பெட்சைடு
சார், ஓவரில் தப்பு நடப்பது உண்மை. எப்படி நடக்கிறது என்று பார்த்தால் ஷிப்ட் எண்ணிக்கை காரணம் இல்லை, லேபிள்தான் காரணம். பிபியை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலின் 4 மி.கி. 50 மில்லியில் போட்டால் சிங்கிள் ஸ்ட்ரென்த், மில்லிக்கு 80 மைக்ரோகிராம். 8 மி.கி. போட்டால் டபுள், 160. சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 6 மில்லி ஓடுகிறது என்று மட்டும் சொல்லி ஓவர் கொடுத்தால், சிரிஞ்ச் தீர்ந்ததும் வருபவர் டபுள் லோடு செய்து அதே 6-இல் விடுவார். பிபி எகிறும்.

இன்சுலினும் இதே கதை. நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் வயலும் உண்டு, மில்லிக்கு 100 யூனிட் வயலும் உண்டு. 50 மில்லி சலைனில் 50 யூனிட் போட 40 வயலில் 1.25 மில்லி எடுக்க வேண்டும், 100 வயலில் அரை மில்லி. பழக்க தோஷத்தில் 100 வயலிலிருந்து 1.25 எடுத்தால் 125 யூனிட் உள்ளே போகிறது, இரண்டரை மடங்கு. மருந்தின் பெயர், மொத்த அளவு, எத்தனை மில்லியில், கலந்த நேரம், இரண்டு பேர் கையெழுத்து என்று சிரிஞ்சிலேயே ஒட்டி, படுக்கைப் பக்கத்தில் நின்று பம்பைப் பார்த்து ஓவர் எடுத்தால் நாளைக்கு மூன்று முறை ஓவர் கொடுத்தாலும் பயமில்லை. நர்ஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து வாசித்தால் ஒரு முறையே ஆபத்துதான்.

ரோஸ்டர்காரன்
இன்னொன்று. அமெரிக்காவில் 2004-இல் வந்த ஆய்வில், நர்ஸ் பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தால் தவறு நேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று வந்தது. 12 மணி ஷிப்டில் ஓவர் கொடுத்து, பில்லிங் என்ட்ரி முடித்து, ஃபார்மசி இன்டென்ட் (மருந்து கேட்டு எழுதும் சீட்டு) போட்டுக் கிளம்பினால் பன்னிரண்டரை தானாகவே தாண்டிவிடும்.

கோவை_ஹெச்ஆர்
அது நர்ஸ்கள் தாங்களே எழுதிய குறிப்பேட்டை வைத்துச் செய்தது, ஊரும் வேறு. நம் ஊர் நிலவரம் பாருங்கள்: எட்டு மணி ஷிப்டில் ஒருவர் வராவிட்டால் இருப்பவரை "டபுள் பாருங்க" என்பார்கள். அது 16 மணி நேரம்! 12 மணி ஷிப்டில் டபுள் கேட்கவே முடியாது, 24 ஆகிவிடும். லீவ் ரிசர்வில், அதாவது லீவு போடுபவருக்கு மாற்றாக வைத்திருக்கும் கூடுதல் ஆட்களில், ஒருவரை அழைத்தே தீர வேண்டும்.

சங்கம்_திருச்சி
"அழைத்தே தீர வேண்டும்" என்று காகிதத்தில் எழுதலாம் ஹெச்ஆர் சார். 30 சதவீதம் ரிசர்வ் எத்தனை இடத்தில் இருக்கிறது? அந்த 30 ஒன்றும் ஆடம்பரம் இல்லை. 365 நாளில் வார ஓய்வு 52, மற்ற விடுப்பெல்லாம் சேர்த்து 37 போனால் 276. ஒரு இடத்தை வருஷம் முழுக்க நிரப்ப 1.32 ஆள் வேண்டும். ரிசர்வ் இல்லாத மருத்துவமனையில் என்ன நடக்கும்? ஆள் கேட்கப்படாது, 5 பேர் நிற்கும் இடத்தில் 4 பேர் நிற்பார்கள், தலைக்கு ஏழரை நோயாளி. எட்டு மணி முறையிலும் 16 மணி டபுள் தேவையில்லை. முன் ஷிப்ட் ஆள் நாலு மணி கூட இருக்க, அடுத்த ஷிப்ட் ஆள் நாலு மணி முன்னே வர, ஓட்டை அடைபடும். ஓவர்டைம் பணத்தைக் கணக்காகக் கொடுத்தால்.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸ் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு சம்பளத்துக்கு நிகராகக் கொடு என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. இந்தச் சம்பளத்தில் மூன்று நாள் லீவு விட்டால் என்ன ஆகும்? பக்கத்து நர்சிங் ஹோமில் போய் டூட்டி பார்ப்பார்கள். ரோஸ்டரில் ஓய்வு, உடம்பில் அறுபது மணி.

ஐசியூ_பெட்சைடு
இடைவேளை பற்றி யாருமே பேசவில்லை. 12 மணியில் ஆளுக்கு அரை மணி வீதம் இரண்டு தடவை விட்டால் ஐந்து பேருக்கு ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணியும் வார்டு நாலு பேரில் ஓடும். மாற்றி விட ரிலீவர் இல்லாததால் இடைவேளையே விடுவதில்லை. விடியற்காலை 3-லிருந்து 6 வரைதான் கண் சொக்கும். 6 மணிக்குத்தான் ரத்தம் எடுப்பது, வைட்டல்ஸ், ஐஓ சார்ட் (உள்ளே போன, வெளியே வந்த நீரளவு) கூட்டுவது, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். தவறித் தன் கையிலேயே ஊசி குத்திக்கொள்வதற்குத் தோதான நேரம்.

கோவை_ஹெச்ஆர்
அப்படியானால் நைட் எட்டு மணியாக வேண்டும், ஈவினிங் 11-க்கு முடிய வேண்டும். வண்டி யார் விடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சங்கம்_திருச்சி
கேரளாவில் நர்ஸ்கள் 6-6-12 என்று கேட்டுப் போராடினார்கள், அதில் இந்தக் கேள்வி எழாது. காலை ஆறு, மதியம் ஆறு, இரவு பன்னிரண்டு. இருட்டிய பிறகு யாரும் பஸ் ஏற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மதிய டூட்டி முடியும் 8 மணிக்கு பஸ் இருக்கும். அதே வார்டில் 30 நாளைக்கு நைட் டூட்டி 150, பகல் டூட்டி 300. ஆளுக்கு 8 நைட், 16 பகல் என்று பிரித்தால் 192 மணி, ஆறு நாள் ஓய்வு. 19 பேர் வேண்டும். விடுப்பு ரிசர்வ் அதற்கு மேல்.

ரோஸ்டர்காரன்
நைட் பன்னிரண்டை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐசியூவில் ஒருவருக்கு ஒரு நோயாளி, நடு இரவில் ரிலீவர், படுக்க ஒரு அறை, இவை இருந்தால் யோசிக்கலாம். பொது வார்டில் இரவு நேரம் 30 பேருக்கு இரண்டு நர்ஸ் நிற்கும் இடத்தில் 6-6-12 கொண்டுவந்தால் அந்த இரண்டு பேருக்குத்தான் தண்டனை.

கோவை_ஹெச்ஆர்
17.5, 19 என்று ஆளைக் கேட்கிறீர்கள். அறை வாடகையில் நர்சிங் சார்ஜ் நாளொன்றுக்கு எவ்வளவு ஏற்றினால் இது கட்டுபடியாகும் என்று யாராவது போட்டுக் காட்டுங்கள். இன்சூரன்ஸ் பேக்கேஜில் அதற்குத் தனி ஐட்டமே கிடையாது.

சங்கம்_திருச்சி
போடலாம். 12 பேருக்குப் பதில் 19 என்றால் கூடுதல் 7 பேர், ஆளுக்கு 20,000 என்றால் மாதம் 1,40,000. 30 படுக்கையில் 24 நிரம்பியிருந்தால் மாதம் 720 படுக்கை நாள். நாளொன்றுக்கு 194 ரூபாய் சொச்சம். பிஎஃப், ஈஎஸ்ஐ சேர்த்து 230 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பில்லில் நர்சிங் சார்ஜ் என்று என்ன வாங்குகிறீர்கள், அதில் எவ்வளவு நர்ஸ் கைக்குப் போகிறது என்பதை நீங்கள் போடுங்கள் சார்.