கடத்தல் நாவல் எழுதுகிறேன், படிப்பவருக்குப் பயமே வரவில்லை

பெரம்பூர்வாசி:
கதை 1996இல் நடக்கிறது. திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் எட்டு வயதுப் பெண் காணாமல் போகிறாள். 'திகிலூட்டும் இருள்', 'உறையவைக்கும் மௌனம்' என்று பக்கத்துக்கு நாலு இடத்தில் எழுதியும், என் மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முதல் அத்தியாயத்தை முடித்துவிட்டாள். "நீங்கதான் பயந்துட்டே இருக்கீங்க, எனக்கு ஒண்ணும் ஆகலை" என்கிறாள். எங்கே தப்பு?

ரயில்பித்தன்:
முதல் தப்பு, 1996இல் அந்த நிலையமே கிடையாது. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரைதான் ஓடியது. திருமயிலைக்கு 1997இல்தான் வந்தது. குழந்தையைச் சேப்பாக்கத்தில் தொலையுங்கள்.

ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர்:
தம்பி, உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் சரி. சொல்கிறவன் குரல் பதறினால், படிக்கிறவர் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார். உங்கள் குரல் மின்சாரக் கணக்கெடுக்க வருபவர் மாதிரி இருக்கட்டும்: வந்தார், பார்த்தார், அட்டையில் குறித்தார், போனார்.

1996 என்றால் பல வீடுகளுக்குப் பி.பி. நம்பர்தானே, அதாவது பக்கத்து வீட்டு ஃபோன் நம்பர்? கடத்தியவன் பக்கத்து வீட்டுக்குத்தான் ஃபோன் செய்தாக வேண்டும். மாமி வந்து கூப்பிடுகிறார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள். அவன் தொகையைச் சொல்கிறான், வெளியே தெரியக்கூடாது என்கிறான். மாமி இரண்டடி தள்ளி நின்று காபி ஆற்றுகிறார். அம்மா "சரிங்க... சரிங்க... வெச்சிடறேன்" என்கிறாள். "ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?" "சௌக்கியம் மாமி." டம்ளரை வாங்கிக் குடித்தும் முடிக்கிறாள். இதில் 'திகில்' என்ற சொல்லை எங்கே செருகுவீர்கள்? மேலே ஒரு காக்கா கரைந்தாலும் கெட்டுவிடும். இரவு, மழை, நாய் ஊளை மூன்றையும் நான் திருத்திய காலத்திலேயே தடை செய்திருக்க வேண்டும்!

தமிழ்வாத்தியார்:
அச்சம் பிறக்கத் தொல்காப்பியம் நான்கு காரணம் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன், நமக்கு மேலே இருப்பவர்). நீங்கள் கள்வரோடு நின்றுவிட்டீர்கள். பணத்துக்காக அப்பா தன் முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நிற்கட்டும். அங்கே வருவது வேறு பயம். இரண்டும் ஒரே அத்தியாயத்தில் வந்தால் கனம் கூடும்.

பெரம்பூர்வாசி:
சேப்பாக்கம் என்று மாற்றிவிட்டேன், நன்றி. முதலாளி இன்னும் வரவில்லை. பி.பி. காட்சியை மட்டும் நேற்று ராத்திரி எழுதி மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அந்த மாமி வேணும்னேதான் அங்க நிக்கிறாங்களா?" என்று கேட்டாள். நான் அப்படி நினைத்தே எழுதவில்லை. இப்போது மாமியை என்ன செய்வது?