மெயில் பூட்டிக்கொண்டது, ஆனால் கடிதங்கள் உள்ளே விழுந்துகொண்டே இருக்கின்றன. என்ன செய்யலாம்?

காலண்டர்காரன் (சிவகாசி)

வணக்கம். சிவகாசியில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். தினசரி காலண்டர்தான் முக்கியத் தொழில். ஐப்பசியும் கார்த்திகையும் எங்களுக்கு எப்படிப்பட்ட மாதங்கள் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது போனை அடித்துவிட்டார்கள்.

போன் போனது போகட்டும். டூப்ளிகேட் சிம் வாங்கினேன். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது என்பது விதியாம், அதுவரை பொறுத்திருந்தேன். வாட்ஸ்அப் திரும்ப வந்தது, வங்கி ஆப் வந்தது. அச்சகத்து மெயில் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

பாஸ்வேர்டு சரிதான். அதைப் போட்டதும் "உங்கள் போனில் ஆம் என்பதைத் தொடுங்கள்" என்கிறது. அந்தப் போன்தான் திருடன் கையில் இருக்கிறதே! வேறு வழி என்று தொட்டால் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் வரும் எண்ணைக் கேட்கிறது, அதுவும் அதே போனில். இன்னொரு வழி என்றால் மீட்பு மெயிலுக்குக் குறியீடு அனுப்புகிறேன் என்கிறது. அது என் அண்ணன் மகனின் கல்லூரி மெயில். அவன் படிப்பு முடிந்ததும் கல்லூரி அதை மூடிவிட்டது. கடைசியில் "இந்தக் கணக்கு உங்களுடையது என்று எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை" என்று ஒரு வரி. எப்படிச் சுற்றி வந்தாலும் அதே வரி. எல்லோரும் வைத்திருக்கும் பெரிய இலவச மெயில்களில் ஒன்றுதான், பெயர் எதற்கு? பேச ஓர் ஆள் கிடையாது, கூப்பிட ஒரு நம்பர் கிடையாது.

மெயில்தானே, புதிதாக ஒன்று தொடங்கிக்கொள் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவ்வளவு லேசு இல்லை. எங்கள் தொழிலில் புரூஃப் என்று ஒன்று உண்டு. அச்சுக்கான பிளேட் போடுவதற்கு முன் பிடிஎஃப் அனுப்பி, "ஓகே, அச்சடிக்கலாம்" என்று பார்ட்டியிடம் பதில் வாங்கிய பிறகுதான் மெஷினில் ஏற்றுவேன். போன வருடம் ஒரு நகைக்கடைக்குக் காலண்டர் எல்லாம் போய் இறங்கிய பிறகு, கடை போன் நம்பரில் ஓர் எண் மாறியிருக்கிறது என்று பணத்தை நிறுத்திவிட்டார்கள். அவர்களே ஓகே சொன்ன பிடிஎஃப்பில் அதே நம்பர் இருப்பதைக் காட்டிய பிறகுதான் பேச்சு அடங்கியது. இந்த வருடத்து ஓகே எல்லாம் இப்போது பூட்டிய வீட்டுக்குள் கிடக்கிறது.

போதாததற்கு, ஆடிப்பெருக்கன்று வெளியிட்ட காலண்டர் மாதிரி ஆல்பத்தின் பின் அட்டையில் இந்த முகவரியைத்தான் அச்சடித்திருக்கிறேன். கேரளா, ஆந்திரா ஏஜென்ட்கள் கையில் எல்லாம் அந்த ஆல்பம் இருக்கிறது.

திறக்க ஏதாவது வழி உண்டா? ஜிஎஸ்டியிலும் இதே மெயில்தான் இருக்கிறது, அதை எப்படி மாற்றுவது? அப்புறம், இப்படி ஒரே கம்பெனியின் தயவில் தொங்காமல் இருக்க விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்கிறீர்கள்?

நெல்லை நெட்வொர்க்

அண்ணாச்சி, முதலில் ஒன்று. "மெயில் மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று யாராவது தனிச்செய்தியில் வருவான். ஒருத்தனையும் நம்பாதீர்கள். எந்தக் கம்பெனிக்கும் அப்படி வெளியில் ஏஜென்ட் கிடையாது.

அடுத்து, மூச்சுக்கு மூச்சு முயற்சி செய்யாதீர்கள். அடிக்கடி தட்டினால் அந்தப்பக்கம் இருக்கும் இயந்திரத்துக்குச் சந்தேகம்தான் கூடும். இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, நீங்கள் வழக்கமாக மெயில் பார்த்த அதே கம்ப்யூட்டர், அதே பிரவுசர், அதே இணைய இணைப்பில் உட்கார்ந்து மீட்புப் படிவத்தை நிரப்புங்கள். புதுப் போனில், வெளியூர் வைஃபையில் இருந்து கேட்டால் திருடன் கேட்பதற்கும் நீங்கள் கேட்பதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பழைய பாஸ்வேர்டு கேட்டால் நினைவில் இருக்கும் கடைசிப் பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

அதற்கும் முன்னால், அச்சகத்தில் டிடிபி (பக்க வடிவமைப்பு) பார்க்கும் கம்ப்யூட்டரைத் தேடுங்கள். வீட்டில் பழைய டேப் இருந்தால் அதையும். எதிலாவது அந்த மெயில் லாகின் ஆகியே இருந்தால் தப்பித்தீர்கள். லாகவுட் செய்யாதீர்கள், குக்கீ எதையும் அழிக்காதீர்கள். பிரவுசரில் இல்லாவிட்டாலும் தண்டர்பேர்ட், அவுட்லுக் மாதிரி மெயிலைக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைக்கும் மென்பொருள் ஏதாவது போட்டிருந்தால், கணக்கு பூட்டிக்கொண்டாலும் ஏற்கெனவே இறங்கிய மெயில்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும். திறப்பதற்கு முன் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். தண்டர்பேர்ட் என்றால் அதன் ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் ஒரு நகல். உள்ளே 'இமாப்மெயில்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் பெயருக்குப் பின்னால் .pdf மாதிரி வால் இல்லாத பெரிய பெரிய ஃபைல்களாகக் கிடப்பவைதான் உங்கள் கடிதங்கள்.

கணக்கர் (மதுரை)

ஜிஎஸ்டி பற்றி மட்டும் நான் சொல்கிறேன் சார். தளத்தின் யூசர் நேம், பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா? இருந்தால் பயமே வேண்டாம். உள்ளே போய்ப் பதிவுத் திருத்தத்தில் 'நான்-கோர்' பகுதியில் மெயிலை மாற்றலாம், புது முகவரிக்கே ஓடிபி வரும். ரிட்டர்ன் போடும்போது வரும் ஓடிபி மொபைலுக்கும் வருவதால் இந்த மாதத் தாக்கலும் நிற்காது.

பாஸ்வேர்டும் போய்விட்டது என்றால் உங்கள் சரக வரி அலுவலரிடம் நேரில் போக வேண்டும். நீங்கள்தான் உரிமையாளர் என்பதற்கான ஆவணங்களைக் கொடுத்தால், அவர் தன் பக்கத்தில் அவற்றை ஏற்றிப் புது மெயிலையும் மொபைலையும் பதிவார். புது மெயிலுக்குத் தற்காலிகப் பாஸ்வேர்டு வரும். இந்த ஏற்பாடு எதனால் வந்தது தெரியுமா? ஜிஎஸ்டி வந்த புதிதில் பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர்கள் பலர் வியாபாரியின் மெயிலுக்குப் பதில் தங்கள் மெயிலையே போட்டுவிட்டார்கள். அப்புறம் அவர்களோடு மனஸ்தாபம் வந்தபோது வியாபாரிகளால் உள்ளேயே போக முடியவில்லை. வருமான வரித் தளத்தில் இவ்வளவு சுற்று இல்லை, ஆதார் ஓடிபியை வைத்தே பாஸ்வேர்டை மாற்றலாம்.

இன்னொன்று. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இப்படிப்பட்ட கம்பெனிகள் இந்தியாவில் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைத்திருக்க வேண்டும். புகார் வந்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023இல் அமைத்தார்கள், எல்லாம் ஆன்லைனிலேயே. ஆனால் நிறைய நம்பிக்கை தரமாட்டேன். கம்பெனி தானாகக் கணக்கை முடக்கிய விவகாரம் என்றால் வாதாட இடம் உண்டு. உங்கள் கதையில் அவர்கள் "இவர்தான் உரிமையாளர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்" என்பார்கள். அதுவும் நியாயம்தான், போன் வைத்திருக்கும் திருடனும் இதே மனுவைப் போடலாமே.

காலண்டர்காரன் (சிவகாசி)

நெல்லைத் தம்பிக்கு ஒரு பெரிய கும்பிடு. எங்கள் டிடிபி பையன் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் இருந்தது! நானே மறந்துபோன சங்கதி. கேபிளைப் பிடுங்கித் திறந்தோம். புரட்டாசி வரைக்கும் வந்த மெயில் எல்லாம் இருக்கிறது. அதற்கப்புறம் அவன் அதைத் திறக்கவே இல்லையாம். பிரவுசரில் பார்ப்பதுதான் அவனுக்கு வசதியாம். பாதிப் புரூஃப் கைக்கு வந்தது, மீதிப் பாதிக்கு ஒவ்வொரு பார்ட்டியாகக் கூப்பிட்டு வாட்ஸ்அப்பில் மறுபடி ஓகே வாங்கிக்கொண்டிருக்கிறேன். "போன வாரமே சொன்னேனே" என்று எரிந்துவிழுகிறார்கள்.

ஜிஎஸ்டி பாஸ்வேர்டு ஆடிட்டர் ஆபீஸ் நோட்டில் எழுதியிருந்தது. மெயில் மாற்றியாயிற்று.

சொந்த டொமைன்

கடைசிக் கேள்விக்கு என் பதில்: சொந்தமாக ஒரு டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாங்குங்கள். அச்சகத்தின் பெயரில் ஒரு டாட் இன் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மெயிலை நீங்களே சர்வர் வைத்து நடத்தச் சொல்லவில்லை. அது வேண்டாத வேலை, நீங்கள் அனுப்புவது பாதி ஸ்பேமில் போய் விழும். சோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட், புரோட்டான் யாரிடமாவது அந்த டொமைனுக்கு மெயில் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர்களோடு ஒத்துவரவில்லை என்றால் டொமைனில் 'எம்எக்ஸ் ரெக்கார்டு' என்று, கடிதம் எங்கே போக வேண்டும் எனச் சொல்லும் ஒன்றை மாற்றினால் போதும், வழக்கமாக ஓரிரு நாளில் கடிதமெல்லாம் புது இடத்துக்கு வர ஆரம்பித்துவிடும். பழைய மெயில் அங்கேயே நிற்கும், அதற்குத்தான் தண்டர்பேர்ட் நகல். முகவரி மாறாது, ஆல்பத்தின் பின் அட்டையையும் மாற்ற வேண்டாம்.

ஒரு கணக்கு இன்னொன்றுக்குச் சாவி, அது மூன்றாவதற்குச் சாவி என்று கோத்துவைப்பதுதான் ஆபத்து. 2012 ஆகஸ்டில் வயர்ட் பத்திரிகையாளர் மேட் ஹோனனுக்கு நடந்ததைப் பாருங்கள். அமேசான் கணக்கில் இருந்து அவர் கார்டின் கடைசி நான்கு எண்களை எடுத்தார்கள். அதைச் சொல்லி ஆப்பிள் கணக்கைத் திறந்தார்கள். ஜிமெயிலுக்கு மீட்பு முகவரி அந்த ஆப்பிள் மெயில்தான், ஆக அதுவும் போனது. போன், ஐபேட், லேப்டாப் மூன்றையும் தூரத்தில் இருந்தே அழித்தார்கள், மகளின் படங்கள் உட்பட. அவர்கள் குறிவைத்தது அவருடைய ட்விட்டர் பெயரை மட்டும்தான்.

தேனிக்காரி

டொமைன் அண்ணா சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு டொமைன் வாங்கிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் அவருடைய பழைய ஆபீஸ் முகவரிக்குப் போனது. கெடு முடிந்து யாரோ அதை வாங்கிவிட்டார்கள், இப்போது அந்த முகவரியில் சூதாட்டத் தளம் ஓடுகிறது. இலவச மெயில் பூட்டிக்கொண்டால் யாராலும் திறக்க முடியாது, அவ்வளவுதான். டொமைன் காலாவதியானால் அதை வாங்கியவனுக்கு உங்களுக்கு வரும் கடிதமெல்லாம் போகும். பாஸ்வேர்டு மாற்றும் மெயில்கூட.

எல்லோருக்கும் டொமைன் தேவையில்லை என்பது என் கருத்து. வீட்டுக்கு மட்டும் மெயில் வைத்திருப்பவர்கள் இருக்கிற கணக்கை ஒழுங்காக வைத்தாலே போதும். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடும்போதே, போன் கையில் இல்லாவிட்டாலும் உள்ளே போக பேக்கப் குறியீடுகள் தருவார்கள். அதை அச்சடித்து ரேஷன் கார்டு, பத்திரம் இருக்கிற இடத்தில் வையுங்கள், போனில் படம் எடுத்து வைக்காதீர்கள். மீட்பு மெயில் கல்லூரி, ஆபீஸ் என்று யாரோ மூடக்கூடியதாக இருக்க வேண்டாம். ஜிமெயில்காரர்களுக்கு மெயிலை மொத்தமாக இறக்கிக்கொள்ள கூகுள் டேக்அவுட் இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது அதையும் இறக்கி வைக்கலாம். சும்மா போட்டுவைத்த இரண்டாவது கணக்கையும் எப்போதாவது திறந்து பாருங்கள், இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரில் இருந்து நீக்கத் தொடங்கிவிட்டது.

சொந்த டொமைன்

தங்கச்சி சொல்வது சரி, அதைச் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். டொமைன் வாங்கும் கணக்குக்கு அந்த டொமைன் மெயிலையே கொடுக்கக் கூடாது. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே போட்ட கதை ஆகிவிடும். தனியாக ஒரு மெயில், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு, ஒரேயடியாக ஐந்து வருடத்துக்குக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் அண்ணாச்சி முகவரியை அட்டையில் அச்சடித்து ஊர் ஊராக அனுப்புகிறவர். அவருக்கு டொமைன்தான்.

காலண்டர்காரன் (சிவகாசி)

டொமைன் வாங்கியாயிற்று. அதன் பில்லை என் மனைவி வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட்டார். பேக்கப் குறியீடுகளை எங்கள் மெஷினிலேயே கனத்த ஆர்ட் போர்டில் அடித்தேன், சும்மா ஒரு திருப்திக்கு.

பழைய கணக்கு இன்னும் திறக்கவில்லை, அந்தக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். ஆல்பத்துக்குப் புது முகவரியோடு ஸ்டிக்கர் அடித்து ஏஜென்ட்களுக்கு அனுப்பிவிட்டோம். ஒட்டுகிறார்களோ இல்லையோ.

இப்போது என் தலைவலியே வேறு. கணக்கு பூட்டியிருந்தாலும் உயிரோடுதான் இருக்கிறது. எனவே பழைய முகவரிக்கு ஆர்டர் அனுப்பும் பார்ட்டிக்குத் திரும்பி வராது, போய்ச் சேர்ந்தது என்றுதான் நினைப்பார். பாலக்காட்டில் இருந்து ஒருவர் "டிசைன் அனுப்பிப் பத்து நாளாச்சு, பதிலே இல்லையே" என்று கோபமாகக் கூப்பிட்டபோதுதான் இது உறைத்தது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

நெல்லை நெட்வொர்க்

உள்ளே போக முடியாமல் ஆட்டோ ரிப்ளை போட முடியாது அண்ணாச்சி, வெளியில் இருந்து செய்ய ஒன்றும் இல்லை. தண்டர்பேர்டில் இருக்கும் முகவரிகளை எல்லாம் எடுத்து, புது மெயிலில் இருந்து எல்லோருக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஒரே நேரத்தில் மொத்தமாக அனுப்பினால் ஸ்பேமில் போகும், கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள். மற்றபடி இலவசக் கணக்குக்கு இடம் அளவுதானே? பெரிய பெரிய கோரல் டிசைன் ஃபைலாக வந்து நிரம்பிவிட்டால் அப்புறம் வருவதெல்லாம் தானாகத் திரும்பிப் போகும். எவ்வளவு நிரம்பியிருந்தது என்று நினைவிருக்கிறதா?

காலண்டர்காரன் (சிவகாசி)

முக்கால்வாசிக்கு மேல். "இடம் தீரப்போகிறது, பணம் கட்டு" என்று ஆவணியில் இருந்தே அரித்துக்கொண்டிருந்தார்கள். பாலக்காட்டுக்காரர் அனுப்பும் ஃபைல் சைஸுக்கு அவர் ஒருவரே நிரப்பிவிடுவார், இன்னும் நாலு டிசைனை அங்கேயே அனுப்பச் சொல்லட்டுமா?

நெல்லை நெட்வொர்க்

சொல்லாதீர்கள். ஒருவேளை உங்கள் மனுவுக்கு நல்ல பதில் வந்து கணக்கு திறந்தால் அத்தனையையும் நீங்கள்தானே உட்கார்ந்து அழிக்க வேண்டும்.