வெள்ளிக் கரண்டி முத்திரை படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் வெள்ளி சூப் கரண்டி ஒன்று வாங்கினேன், கைப்பிடியின் பின்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன முத்திரைகள். நடக்கும் சிங்கம் இருக்கிறது, அதனால் 92.5 சதவீத இங்கிலாந்து வெள்ளி. நங்கூரம் இருப்பதால் பர்மிங்காம். விக்டோரியா ராணியின் தலை வரி கட்டியதற்கான அடையாளம், அது 1890 வரைதான் குத்தினார்கள். இதுவரை சரி.

ஆண்டைச் சொல்லும் எழுத்துதான் வம்பு பண்ணுகிறது. யாரோ விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே பாதியை அழித்திருக்கிறார்கள், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு நேரம் 'சி' மாதிரி, ஒரு நேரம் 'ஜி' மாதிரி தெரிகிறது. படம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்களேன்.

அப்புறம், கறுப்பை எடுக்கலாமா, அப்படியே விடலாமா? எங்கள் தெரு பத்தர் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார், மிச்ச எழுத்தும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.