லாரிப் புகையை அளக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய எங்கள் மொட்டைமாடியில், துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் புகையிலுள்ள பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிகாத நுண்துகளை அளக்க, லேசர் ஒளிச்சிதறலில் இயங்கும் சிறு கருவி ஒன்றை வைத்திருக்கிறேன். கடற்காற்றில் ஈரப்பதம் ஏறும் விடியற்காலையில், சாலை காலியாகக் கிடந்தாலும் அது கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்ற, 24 மணி நேரச் சராசரிக்கான இந்திய வரம்பைத் தாண்டிக் காட்டுகிறது. துகள்கள் நீரை உறிஞ்சி உப்புவதால் வரும் மிகைக்கணக்கு என்றே நினைக்கிறேன். டீசல் கரித்துகளில் பெரும்பாலானவை 0.3 மைக்ரானுக்கும் சிறியவை, லேசர் ஒளியை மிகக் குறைவாகவே சிதறடிப்பவை என்பதால், கொடியில் காயும் வேட்டி கறுத்துப்போகும் (அம்மாவின் அளவுகோல் அதுதான்) மாலைகளிலோ கருவி அடக்கியே வாசிக்கிறது. ஈரப்பதத் திருத்தம் செய்து பழகியவர்களும், வடிதாளில் துகளைப் பிடித்து எடைபோடும் கருவியைச் சில நாள்கள் இரவல் தரக்கூடியவர்களும் தெரிவிக்க வேண்டுகிறேன். மணலி ஆலைப் புகையைப் பிரித்தறியக் காற்றின் திசையைக் குறித்துவந்தால் போதுமா?