நாலு பேட்டரி பேரலல்: ஒன்று மட்டும் உழைத்த கதை

காப்பித்தோட்டம்:
தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு இபி லைன் கிடையாது, சோலார்தான். டூபுலர் (ஈய-அமில) பேட்டரிகள் போனதும் 12.8 வோல்ட், 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பாஸ்பேட் பேட்டரி நாலு வாங்கிப் பேரலலில் (பக்க இணைப்பில்) போட்டேன். பழைய பழக்கத்தில் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று வரிசையாகக் கோத்து, இன்வெர்ட்டருக்குப் போகும் இரண்டு ஒயரையும் முதல் பேட்டரியிலேயே முடுக்கிவிட்டேன். கைக்கு எட்டியது அதுதான்!

இரண்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் கிரைண்டர் ஓடும்போது தண்ணீர் மோட்டாரைப் போட்டால் வீடே இருட்டாக ஆரம்பித்தது. இன்வெர்ட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது (டிசி அளக்கும் மீட்டர் வேண்டும், என்னிடம் முதலில் இருந்தது சைபரையே காட்டியது). மொத்த லோடு 80 ஆம்பியர். முதல் பேட்டரி 33, அடுத்தது 21, அப்புறம் 15, கடைசி வெறும் 11. நடுவில் உள்ள இணைப்புத் துண்டுகளின் மில்லி ஓம் கணக்கிலான தடைதான் காரணம். லித்தியத்தின் உள் தடை மிகக் குறைவு என்பதால் ஒயரின் தடை அதற்குச் சமமாக வந்து நிற்கிறது. மோட்டார் கிளம்பும்போது முதல் பேட்டரி 100 ஆம்பியரைத் தாண்டும், அதன் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) கழற்றிக்கொள்ளும், பாரம் மற்ற மூன்றின் தலையில் விழும், அவையும் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும்.

முதலில் பிளஸ்ஸை முதல் பேட்டரியிலும் மைனஸைக் கடைசியிலும் எடுத்துப் பார்த்தேன். வித்தியாசம் நன்றாகவே குறைந்தது. பிறகு தாமிர பஸ் பார் (எல்லா ஒயரும் வந்து சேரும் பட்டை) இரண்டு வைத்து, ஒவ்வொரு பேட்டரிக்கும் 60 செ.மீ. தனி ஒயர் இழுத்தேன். இப்போது 21, 20, 20, 19. பஸ் பாருக்கு ஒட்டியே இருக்கும் பேட்டரிக்கும் அதே 60 செ.மீ.தான், மிச்சம் வளைந்து தொங்குகிறது. அழகாக இல்லைதான், ஆனால் வெட்டக் கூடாது, நீளம் மாறினால் தடையும் மாறிவிடும்.

பண்ணைவீடு:
நான் செய்த கூத்தையும் கேளுங்கள். ஓடிக்கொண்டிருந்த இரண்டோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். மீட்டரில் அரை வோல்ட்தான் வித்தியாசம், என்ன ஆகிவிடும் என்று லக்கை (ஒயர் முனையில் உள்ள உலோக வளையத்தை) வைத்தேன். பட்டென்று பொறி, லக் ஓரத்தில் சின்னப் பள்ளம். வழியில் உள்ள மொத்தத் தடை 10 மில்லி ஓம் என்றாலே அரை வோல்ட்டுக்கு 50 ஆம்பியர் பாயும். அதோடு, லித்தியத்தில் வோல்டேஜை வைத்துச் சார்ஜைச் சொல்ல முடியாது. சார்ஜின் நடுப்பகுதியில் வோல்டேஜ் கோடு கிட்டத்தட்ட படுக்கையாகப் போகும். இப்போதெல்லாம் ஒவ்வொன்றையும் தனித்தனியே 14.4 வோல்ட் வரை முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு, வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் வந்திருந்தால்தான் சேர்ப்பேன்.

கறிவேப்பிலை:
ஃபியூஸைப் பற்றி யாரும் பேசவில்லையே? ஒரு பேட்டரிக்குள் ஷார்ட் ஆனால் மற்ற மூன்றும் சேர்ந்து அதற்குள் கொட்டும். அதனால் ஒவ்வொரு பிளஸ்ஸிலும் தனி ஃபியூஸ் வேண்டும். லித்தியத்தின் ஷார்ட் கரண்ட் ஆயிரக்கணக்கான ஆம்பியர், ஆகவே அவ்வளவு கரண்ட்டையும் அறுக்கக்கூடிய கிளாஸ் டி வகை ஃபியூஸ் நல்லது. எனக்கு ஒயரிங் செய்தவர் வீட்டு ஏசி (மாறுமின்) லைனுக்கான எம்சிபியை (தானாக விழும் சுவிட்ச்) மாட்டிவிட்டுப் போனார். லோடில் ஆஃப் செய்தபோது உள்ளே தீப்பொறி அணையாமல் நின்று, பெட்டியே உருகிவிட்டது. ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை சைபரைத் தொடும், அப்போது பொறி அணைந்துவிடும். டிசிக்கு அந்த இடைவெளியே கிடையாது. இன்னொன்று: ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

புதுசு:
பழைய டூபுலர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையும் இந்த பஸ் பாரிலேயே சேர்த்துவிடலாமா?

காப்பித்தோட்டம்:
வேண்டாம். முழுச் சார்ஜில் சும்மா இருக்கும்போது லித்தியம் 13.3 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், டூபுலர் 12.7 பக்கம். லித்தியம் நாளெல்லாம் அதற்கே ஊட்டிக்கொண்டிருக்கும். காயலான் கடையில் போடுங்கள், ஈயத்துக்கு நல்ல விலை தருவார்கள்.