மின்புலத் துணைச்சிகிச்சை: ஒரு பரிந்துரை

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

வைரஸ் தொற்றின்போது வழக்கமான வைத்தியத்தோடு சேர்த்துத் தரலாம் என்று பேசப்படும் மின்புல (electric field) முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையில் மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மின்சிகிச்சை, உயர் மின்னழுத்தச் சிகிச்சை, மின்புல வைரஸ்கொல்லி முறை. வேலூரில் நோயாளிகளுக்கான விளக்கத் தாள்களைத் தமிழில் எழுதுபவன் நான். மூன்றுமே எனக்கு உடன்பாடில்லை.

மின்சிகிச்சை ஏற்கெனவே பிசியோதெரபிக்காரர்களுடையது. வடாற்காட்டுப் பக்கம் அதற்குக் 'கரண்ட் வைக்கிறது' என்று பெயர். சிக்குன்குனியா வந்து காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டுவலி மாதக்கணக்கில் விடாதவர்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகத் தெரியும். முட்டியில் பட்டையை ஒட்டிக் குமிழைத் திருப்பினால் சுருக் சுருக்கென்று இழுக்கும். அங்கே மின்னோட்டம் தோல் வழியாக உள்ளே போகிறது. மின்புல முறை அப்படியில்லை. மின்சாரம் தரைக்குப் போகாதபடி காப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால், ஆளைச் சுற்றிப் புலம் உருவாகும். உடலில் ஓடும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. பலருக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் குழப்பம்தான்.

உயர் மின்னழுத்தம் என்று சொன்ன ஐயாவின் காரணம் எனக்குப் புரிகிறது. கருவி ஆயிரக்கணக்கான வோல்ட்டில் இயங்குகிறது, ஜப்பானியப் பெயரும் அதை ஒட்டியதே. ஆனால் ஓ.பி. வரிசையில் காத்திருக்கும் ஒரு பெரியம்மா இதைப் படித்தால் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டிய மண்டையோட்டுப் பலகைதான் நினைவுக்கு வரும். இல்லையென்றால், "எனக்குப் பிரஷரே இல்லையே சார்" என்பார். மருத்துவத் தாளில் அழுத்தம் என்றாலே ரத்த அழுத்தம்தான்.

மூன்றாவது சொல்லை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். மின்புல நாற்காலி நோயாளியின் உடலில் உள்ள வைரஸைக் கொல்லும் என்று நிறுவப்படவில்லை. ஜப்பானில் இந்த வகைக் கருவிகளுக்குக் கிடைத்த அனுமதி தலைவலி, தோள் இறுக்கம், தூக்கமின்மை, நாட்பட்ட மலச்சிக்கல் ஆகியவற்றுக்குத்தான். டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்ச்சத்து, பாராசிட்டமால், நேரத்துக்கு நேரம் கண்காணிப்பு, இவைதான் உயிரைக் காக்கின்றன. கொல்லி என்று நாம் எழுதிவைத்து, அதை நம்பிக் காய்ச்சல் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்தால் அந்தப் பழியில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகவே என் பரிந்துரை: பொதுவாக 'மின்புலச் சிகிச்சை', இந்தப் பயன்பாட்டுக்கு 'மின்புலத் துணைச்சிகிச்சை'. மின்புலம் பள்ளி இயற்பியலிலேயே வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பேத்தி பாட்டிக்கு விளக்கிவிடுவாள். மூளைக் கட்டிக்கு 200 கிலோஹெர்ட்ஸ் அளவில் தரப்படும் முறையும் மின்புலம்தான், ஆனால் அது முற்றிலும் வேறு. பொதுப்பெயர் இருந்தால் அதற்கும் ஓர் அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

ஆதரவுச் சிகிச்சை என்று ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்கலாம். ஆதரவு என்றால் தேர்தல்தான் ஞாபகம் வருகிறது. துணை அப்படியல்ல. எங்கள் ஊர் வார்டில் நர்ஸ் முதலில் கேட்பதே "துணைக்கு யார் வந்திருக்காங்க?" என்றுதான். துணைக்கு வந்தவர் வைத்தியம் பார்ப்பதில்லை, கூடவே இருக்கிறார். மருத்துவம் வேறு, இது வேறு என்பது அந்தச் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது.

தாளில் இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: "மின்புலத் துணைச்சிகிச்சை வைரஸ் தொற்றைக் குணப்படுத்தாது. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதை எடுக்கக் கூடாது."

வைரஸுக்குத் தமிழில் நச்சுயிரியா, தீநுண்மியா என்ற பழைய வழக்கை இதில் இழுக்க வேண்டாம். இங்கே ஆட்டோக்காரர் வாயிலும் வைரஸ்தான். தாளிலும் அதுவே இருக்கட்டும். 'துணைச்சிகிச்சை' சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொன்னால் அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடுவேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து